இருபத்திரண்டு கிலோ

மூட்டையைக் கொக்கித் தராசில் மாட்டி, மரக்கிளையிலிருந்து தொங்கவிட்டு, முள் ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். இருபத்திரண்டரை காட்டுகிறது. "மேடம் நேத்து மழையில நனைஞ்சிட்டாங்கக்கா" என்று மூட்டையின் வாயை அவிழ்த்து இரண்டு கை மணலை அள்ளி வெளியே போடுகிறார். மறுபடி தொங்கவிடுகிறார். முள் சரியாக இருபத்திரண்டில் நின்ற பிறகுதான் அவர் தோள் இறங்குகிறது. மூட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, சின்னதொரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பில் பெல்ட்டை மாட்டுகிறார்.

"போலாமா மேடம்? தலைய உள்ள இழுத்துக்குங்க, கிளை இருக்கு."

பூங்காக்களுக்கு ஊஞ்சலும் சறுக்கும் செய்து நிறுத்துகிற வெல்டர் அவர். இருபத்தைந்து வருஷமாக அதுதான் பிழைப்பு. நான் கூட்டிப் பெருக்குகிற பூங்காவுக்கு எல்லாக் குழந்தைகளும் விளையாடுகிற மாதிரி ஒரு இடம் அமைக்க வந்தவர். ஒரு வருஷமாகப் பழக்கம். என்னை அக்கா என்பார். பட்டறையில் அவருக்கு 'மூட்டை' என்று பேர். அதில் அவருக்குக் கோபம் கிடையாது.

நாற்காலியைப் பாதையில் தள்ளிக்கொண்டு போவார். முதலில் இரண்டு கையால், அப்புறம் ஒரு கையால், அப்புறம் ஒரே விரலால். ஒரு விரலுக்கு நகராத இடத்தில் நின்று சாக்கட்டியால் கோடு போடுவார். சரிவில் மூட்டை முன்னால் சாய்ந்தால் போச்சு. "மேடம் மூக்கு உடைஞ்சிடும், இந்தச் சரிவ இன்னும் படுக்க வைக்கணும்" என்று மறுநாளே பெயர்த்துவிடுவார். குடை ராட்டினம் தரையோடு தரையாக இருக்கும். நாற்காலி அதில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார். "டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சே, உங்களுக்கு கேக்கல?" எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. குனிந்து பார்த்தால் தீக்குச்சி கனத்துக்கு ஒரு விளிம்பு நிற்கும். மணல் விளையாடும் மேஜைக்கு அடியில் குழந்தையின் முட்டி இடிக்கக் கூடாது. மூட்டைக்கு முட்டி இல்லையே என்று இரண்டு பால் டின்னை முன்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறார். வேலை முடிந்து மாதக்கணக்காகியும் இந்தச் சோதனை நிற்கவில்லை. வெயிலில் ரப்பர் தரை மேலெழும்பும் என்கிறார்.

கை இரண்டிலும் மிளகைத் தூவியது போல நெருப்புப் பொறி பட்ட தழும்புகள். சட்டையைத் தூக்கிப் பிடித்தால் மாவு சலிக்கலாம். காதில் சாக்கட்டி, பையில் அளவு டேப். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் வாசலை அளப்பார். "எழுபது சென்டி. நாற்காலி இடிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டேப்பைச் சுருட்டுவார். படி வைத்த டீக்கடைக்குள் ஏறவே மாட்டார். உள்ளே நாற்காலி காலியாக இருந்தாலும் தெருவில் நின்றுதான் குடிப்பார். "உள்ள வந்து உக்காருங்க அண்ணே" என்று கடைக்காரர் கூப்பிட்டால், "நீங்க படிய எடுங்க, நான் குடும்பத்தோட வர்றேன்" என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வேலையை முடித்தாலும் கடைசி இணைப்புக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், வெல்டிங்கில் மூன்று புள்ளி வைப்பார். ஏன் தம்பி என்று கேட்டேன். "நான் செஞ்சதுன்னு தெரியணும்லக்கா. நாளைக்கு எது உடைஞ்சாலும் வேற எவன் தலையிலயும் பழி விழக் கூடாது."

அவருக்கு ஒரே மகள். பத்தொன்பது வயசு. பிறந்ததிலிருந்தே கால் நிற்காது. வீட்டிலிருந்தபடியே ஒரு மருந்துக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். நாக்கு மட்டும் அப்பாவின் கட்டிங் மிஷினைவிடக் கூர்மை. மூட்டையை அவள் 'தங்கச்சி' என்பாளாம். "என் தங்கச்சிக்கு வயசே ஏறாதுப்பா, குடுத்து வச்சவ." அந்த மூட்டையின் கனம் அவளுடைய கனம். எட்டு வயசில் ஒரு நாள் அவள் எவ்வளவு இருந்தாளோ, அவ்வளவு.

அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பூங்காவின் முன்வாசலில் ஒரு கேட் இருந்தது. மாடும் மோட்டார் சைக்கிளும் நுழையாமல், ஆள் மட்டும் வயிற்றை எக்கி வளைந்து வளைந்து போகிற மாதிரி இரும்புக் குழாயில் செய்தது. எட்டு வயசு மகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு இவர் வந்தார். நாற்காலி நுழையவில்லை. அதை வெளியே விட்டுவிட்டு, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து எல்லாப் பிள்ளைகளும் ஆடுகிற ஊஞ்சலில் உட்கார வைத்தார். ஒரு ஆட்டம்கூட முழுதாக ஆடவில்லை. அவள் சரிந்து விழுந்தாள். தாடையில் நான்கு தையல். தையல் போட்ட ஆஸ்பத்திரியில் எடை பார்த்து எழுதிய சீட்டில் இருந்ததுதான் இந்த இருபத்திரண்டு.

வீடு திரும்புகிற வழியில் அவள் கேட்டிருக்கிறாள்: "அந்த கேட்ட யாருப்பா செஞ்சது?"

இவர் சொல்லியிருக்கிறார்: "எவனோ ஒரு மடையன்மா."

அன்றிலிருந்து அந்த மடையன் அவர்கள் வீட்டில் ஒரு ஆளாகிவிட்டான். பேங்க் வாசலில் மூன்று படியா? "இங்கயும் வந்துட்டுப் போயிருக்கான்பா மடையன்." லிப்ட் கதவு குறுகலா? "மடையன் இப்ப லிப்ட் வேலைக்கும் போறான் போல." பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், கழிப்பறை என்று எங்கே போனாலும் மகள் அவனை முதலில் கண்டுபிடிப்பாள், அப்பா வாய்விட்டுச் சிரிப்பார். அடி விழுந்த இடத்தில் அழாமல் இருக்க இறைவன் அந்த இரண்டு பேருக்கும் கொடுத்த விளையாட்டு அது என்றுதான் நானும் கேட்டபோது நினைத்தேன்.

அந்த கேட்டைச் செய்தவர் இவர்தான். மகள் பிறப்பதற்கு முந்தின வருஷம், நகராட்சி கொடுத்த அளவில், ஊரில் இருந்த பூங்காக்களுக்கெல்லாம் மொத்தம் பதினொன்று செய்தார். நல்ல வேலை என்று அன்றைக்குத் தட்டிக்கொடுத்தார்களாம். மகளிடம் மட்டும் பதினொரு வருஷமாகச் சொல்லவில்லை.

போன வருஷம் புது விளையாட்டு இடத்துக்கு நகராட்சி இன்ஜினியர் படம் வரைந்துகொண்டு வந்தார். பூங்கா வேலிக்கு உள்ளேயிருந்துதான் அந்தப் படமே ஆரம்பித்தது, முன்வாசல் அதில் இல்லை. அதில், நடக்க முடியாத பிள்ளைகளுக்குக் கோடியில் தனியாக ஒரு இடம் ஒதுக்கி, வேலி போட்டு, போர்டும் வைத்திருந்தார். வெல்டர் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"அது விளையாடுற இடம் இல்ல சார், ஆஸ்பத்திரி வார்டு. ரெண்டு ஊஞ்சலும் ஒரே கம்பியில தொங்கணும். இந்தப் பிள்ளை ஆடுனா அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் தெரியணும்."

"நீங்க எந்த காலேஜ்ல இன்ஜினியரிங் படிச்சீங்க?"

"நான் படிக்கல சார். மேடம்தான் படிச்சாங்க" என்று மூட்டையைக் காட்டினார். இன்ஜினியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே செய்துகொள்ளச் சொன்னார்.

ஆறு மாதம் வேலை நடந்தது. நாற்காலியோடு ஏற்றிப் பூட்டி ஆடுகிற பலகை ஊஞ்சல், இரண்டு பக்கமும் கை எட்டுகிற மணல் மேஜை, கண் தெரியாத பிள்ளை தொட்டுத் தொட்டுப் போவதற்கு வழி நெடுக ஒரு கைப்பிடிக் கம்பி. அதில் முடிச்சு முடிச்சாக வைத்து, மூன்று முடிச்சு என்றால் ஊஞ்சல், ஐந்து என்றால் ராட்டினம் என்று வைத்தார். இரும்பெல்லாம் லாரியில் வரும். லாரி பின்கேட் வழியாக வரும். இவரும் அதோடு வருவார். மூட்டையும் நாற்காலியும் அந்த வழியாகத்தான் வந்தன. ஒவ்வொரு அங்குலத்தையும் தள்ளிப் பார்த்தவர், முன்வாசல் பக்கம் ஒரு தடவைகூட மூட்டையைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. தினமும் அந்த கேட்டுக்கு அடியில் பெருக்குகிறவள் நான், எனக்கும் தோன்றவில்லை. பின்னாடி ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "மறந்துட்டேன்னு சொன்னா பொய்க்கா" என்றார். "கண்ணு அந்தப் பக்கமே போக மாட்டேன்னுச்சு."

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. பந்தல், நாற்காலி, மைக் எல்லாம் வந்தது. வெல்டரின் மகள்தான் ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. புதுச் சட்டை போட்டுக்கொண்டு பாட்டரி நாற்காலியில் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் அப்பாவைச் சீண்டியிருக்கிறாள்: "எட்டு வயசுல வேண்டிய ஊஞ்சலுக்குப் பத்தொம்பது வயசுல ரிப்பன் வெட்டக் கூப்பிடுறீங்க, பரவால்ல, கத்திரிக்கோலாவது நல்லதா வைங்க." சிறப்புப் பள்ளி வேனில் ஆறு குழந்தைகளும் வந்து இறங்கினார்கள். எல்லாரும் முன்வாசலுக்கு வந்தார்கள். நின்றார்கள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் என்னவென்றே புரியவில்லை. மைக்கில் வரவேற்புரை ஓடிக்கொண்டிருக்கிறது. வரவேற்கப்படுகிறவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

"பின்கேட் சாவி எங்கய்யா?"

"ஆபீஸ்ல சார்."

"சரி சரி, தூக்குங்க! ஆளுக்கொரு கை குடுங்க!" என்றார் இன்ஜினியர். ஆறு குழந்தைகளையும் கேட்டுக்கு மேலே தூக்கி உள்ளே கொடுத்தார்கள். மூட்டையை ஏந்துகிற கவனம்கூட அதில் இல்லை. போட்டோக்காரர் அதையும் எடுத்தார். பாட்டரி நாற்காலியைத் தூக்க நாலு பேர் வந்தார்கள், அசையவில்லை. "பாப்பாவ மட்டும் தூக்கிரலாமா?" என்று யாரோ கேட்டார். "தொடாதீங்க" என்றாள்.

அவள் மட்டும் கேட்டுக்கு வெளியே இருந்தாள். உள்பக்கம் வெல்டர். எத்தனை வருஷம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து அந்த கேட்டைப் பார்க்கிறார்களோ! அவள் கேட் எவ்வளவு குறுகல் என்று பார்க்கிற மாதிரி கையை நீட்டிக் குழாயைத் தடவினாள். நின்றுகொண்டிருக்கிற நம் யாருக்கும் அந்தக் குழாயின் அடிப்பக்கம் தெரியாது. உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது கண்ணுக்கு நேராக இருந்தது. விரல் ஓரிடத்தில் நின்றது. கொஞ்சம் பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி அதே இடத்தில் நின்றது. அவள் கட்டிலின் அடியில் இருக்கிற மூன்று புள்ளி, குளியலறைக் கைப்பிடியில் இருக்கிற மூன்று புள்ளி, சாப்பாட்டு மேஜையில் சின்ன வயசிலிருந்து விரல் வைத்து விளையாடிய மூன்று புள்ளி.

நிமிர்ந்து பார்த்தாள். சிரித்த முகம்தான்.

"அப்பா. மடையன கண்டுபிடிச்சிட்டேன்."

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனாள். ரிப்பனை இன்ஜினியர் வெட்டினார், கைதட்டினார்கள். தெருக்கோடி வரைக்கும் அந்தப் பாட்டரி நாற்காலியின் 'ம்ம்' என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெல்டர் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கும்பிடுகிறவர் மாதிரி இருந்தது. அப்படி நினைத்ததற்குக் கடவுள் என்னை மன்னிக்க வேண்டும்.

வீட்டில் மகள் அதற்குப் பிறகு அவரோடு நேராகப் பேசவில்லை. "அவர சாப்பிட வரச் சொல்லும்மா" என்று அம்மா வழியாகத்தான். அவர் அடுத்த திங்கட்கிழமையே நகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டு போனார். கேட்டை அறுக்க வேண்டும், கூலி வேண்டாம்.

"அந்த கேட் இருக்கறதாலதான்யா மோட்டார் சைக்கிள் உள்ள வரல" என்றார் இன்ஜினியர். "பின்கேட்ட நாங்க தொறந்து விடுறோம். ரெண்டு நாள் முன்னாடி ஒரு லெட்டர் குடுத்தாப் போதும்."

"ஊஞ்சல் ஆட லெட்டரா சார்?"

"மேல எழுதியிருக்கேன். பொறுங்க."

நாலு மாதம் பொறுத்தார். மேலேயிருந்து ஒன்றும் இறங்கவில்லை.

அந்த நாலு மாதமும் சாயங்காலம் ஒரு அம்மா வருவாள். ஆறு ஏழு வயசுப் பெண் குழந்தை. குழந்தையின் நாற்காலியைக் கேட்டில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவாள். ஊஞ்சலோ நாற்காலியோடு ஏறுகிற ஊஞ்சல்; நாற்காலி இல்லாமல் அந்தக் குழந்தை அதில் உட்கார முடியாது. அதனால் பெஞ்சில் அம்மா மடியில் உட்கார்ந்து பார்க்கும். பக்கத்து ஊஞ்சலில் பிள்ளைகள் வீசி ஆடுவார்கள். ஒரே கம்பியில் தொங்குவதால், இந்தக் காலி ஊஞ்சலும் தானாக மெல்ல ஆடும். வெல்டர் கேட்டு வாங்கிய ஆட்டம் அது.

"அதுல யாரும்மா ஆடுறாங்க?" என்று கேட்டது குழந்தை.

"யாரும் இல்லடி."

"அப்புறம் ஏன் ஆடுது?"

தரையைச் சோதிக்க வந்த வெல்டர் பின்னால் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கட்டிங் மிஷினோடு முன்வாசலுக்கு வந்தார். "அக்கா, பம்ப் ரூம்ல கரண்ட் குடுப்பீங்களா?" நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் பிளக்கைச் சொருகினேன். சொருகும்போது சாமியை நினைத்துக்கொண்டேன், வேறொன்றும் நினைக்கவில்லை. பொறி பறந்தது. கேட்டின் மூன்று குழாயும் விழுந்தன. மூன்று புள்ளி இருந்த இணைப்பை மட்டும் உள்ளங்கை அளவுக்குத் தனியாக அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டைப் பை அன்றிலிருந்து கிழிகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் நின்ற முளைகளைத் தேய்த்துச் சமமாக்கினார். போய் மூட்டையைக் கொண்டுவந்து தெருவிலிருந்து உள்ளே தள்ளினார். டக் என்ற சத்தம் இல்லை.

இன்ஜினியர் வந்து கத்தினார். "உங்க கேட்ட நீங்களே அறுப்பீங்களா?"

"ஆமா சார். என் வேலைன்னு அடியில இருந்துச்சு."

பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாக எழுதி, இனி நகராட்சி வேலை எதுவும் அவருக்குக் கிடையாது என்று காகிதம் வந்தது. இருபத்தைந்து வருஷ வேலை. கரண்ட் கொடுத்ததற்கு எனக்கும் ஒரு காகிதம் வந்தது. அது போகட்டும். இன்ஜினியர் சொன்னதும் நடந்தது: மோட்டார் சைக்கிள்கள் உள்ளே வந்தன. நிழல் இருக்கிறது என்று ஊஞ்சலுக்கு அடியிலேயே நிறுத்தினார்கள். அதனால் வெல்டர் தினமும் நாலு மணிக்கு வந்து, சக்கர நாற்காலியில் மூட்டையை உட்கார வைத்து வழியில் குறுக்கே நிறுத்திக்கொள்கிறார்.

"தம்பி, குழந்தை உக்காந்திருக்கு, வண்டிய வெளிய வைங்க."

"யோவ், இது மூட்டைய்யா!"

"இருபத்திரண்டு கிலோ தம்பி. தூக்கிப் பாருங்க."

அந்தச் சிறுமி ஊஞ்சல் ஆடினாள். நாற்காலியோடு ஏறி, "இன்னும் இன்னும்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஆடினாள். அவள் அம்மா அழுதாள். வெல்டர் அதைத் திரும்பிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. வாசலில் நின்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, பாட்டரி வீல்சேர்ல ஒரு பெரிய பொண்ணு வந்தா..." என்று ஆரம்பித்து, குனிந்து மூட்டையின் பெல்ட்டை இறுக்கினார்.

நேற்று அவள் வந்தாள். நண்பகல்.

"அப்பா இருக்காரா ஆன்ட்டி?"

"இல்லம்மா, நாலு மணிக்குத்தான் வருவாரு."

"தெரியும். அதான் இப்ப வந்தேன்."

குழாய் இருந்த இடத்தில் கையை நீட்டினாள். வெறும் காற்று. "புள்ளி எங்க?" என்றாள். அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றேன். உள்ளே வந்தாள். காலையில் பெய்த மழையில் வாசல் சேறாக இருந்தது. சக்கரம் சேற்றோடு ஊஞ்சல் வரைக்கும் போனது. 'பன்னிரண்டு வயது வரை' என்ற போர்டை வாசித்தாள். பக்கத்து ஊஞ்சலைக் கையால் ஒரு தள்ளு தள்ளினாள். காலி ஊஞ்சல் ஆடுவதைப் பார்த்தாள்.

"கேட் செஞ்சது பரவால்ல ஆன்ட்டி. தெரியாம செஞ்சாரு. பதினொரு வருஷம் என்கூடச் சேந்து சிரிச்சாரு பாருங்க." தாடைத் தழும்பைச் சொறிந்துகொண்டாள். "நான் வந்தேன்னு சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று சாமி மேல் ஆணையாகச் சொன்னேன். அவள் போன பிறகு துடைப்பத்தை எடுத்தேன், வாசலுக்குப் போனேன், திரும்ப மூலையில் சாத்திவிட்டேன்.

நாலு மணிக்கு வெல்டர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னிக்குப் பெருக்கலையாக்கா?"

"கை வலி தம்பி."

சேற்றில் இருந்த தடத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். டேப்பை இழுத்து ஒரு சக்கரத்திலிருந்து மற்ற சக்கரத்துக்கு வைத்துப் பார்த்தார். அளவை வாய்விட்டுச் சொல்லவில்லை. தடம் ஊஞ்சல் வரை போனதையும், திரும்பி வெளியே வந்ததையும், வந்த தடம் போன தடத்தின் மேலேயே ஏறியிருந்ததையும் கண்ணாலேயே நடந்து பார்த்தார்.

பிறகு மூட்டையை மரத்தடிக்குக் கொண்டுபோய் வாயை அவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து அந்த இரும்புத் துண்டை எடுத்து, மணலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, நடுவில் புதைத்தார். வாயைக் கட்டி, தராசில் மாட்டினார். முள் இருபத்திரண்டைத் தாண்டிப் போய் நின்றது. இறக்கினார். ஒரு கை மணலை எடுத்துக் கீழே போட்டார், தூக்கிப் பார்த்தார். இன்னொரு கை. தூக்கிப் பார்த்தார். இன்னும் ஒரு கை, அப்புறம் விரல் நுனியால் ஒரு சிட்டிகை, முள் பழைய இடத்துக்கு வரும்வரைக்கும்.